ஏ வகுப்பு, சி வகுப்பு

நம் பத்திரிகைகளில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மனிதர் யாராவது கைதானால் முதல் நாள் செய்தி கைது. மறுநாள் செய்தி "ஏ வகுப்பு கோரி மனு". கட்டில் கிடைத்ததா, வீட்டுச் சாப்பாடு உண்டா, மின்விசிறி சுற்றுகிறதா என்று டீக்கடையில் ஒரு வாரம் பேச்சு ஓடும். களி தின்னும் இடம், கம்பி எண்ணும் இடம், மாமியார் வீடு என்று ஜெயிலுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் ஏராளம். ஆனால் அந்த ஏ என்ற எழுத்து எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வக்கீல்களே கொஞ்சம் யோசிப்பார்கள்.

இங்கிலாந்திலும் ஏ வகுப்புக் கைதி உண்டு. அங்கே அந்த எழுத்துக்கு நேர் எதிர்ப் பொருள். தப்பித்தால் நாட்டுக்கே ஆபத்து, இவன் தப்பிப்பது இயலாத காரியமாக இருக்க வேண்டும் என்று கருதப்படுகிறவன்தான் அங்கே ஏ. போகுமிடமெல்லாம் காவல், அடிக்கடி அறை மாற்றம், பார்க்க வருபவர்கள் மேல் விசாரணை. இங்கே ஏ கிடைத்தால் கட்சிக்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். அங்கே ஏ கிடைத்தால் குடும்பம் அழும். இரண்டு ஏற்பாட்டையும் செய்தவர்கள் பிரிட்டிஷ்காரர்கள்தான் என்பது வேடிக்கை. அதைவிட வேடிக்கை, அங்கத்திய ஏற்பாட்டுக்குக் காரணமானவர் நமக்கு மிகவும் தெரிந்த ஒருவர். அவரிடம் பிறகு வருகிறேன்.

முதலில் நம் கதை. 1908-இல் வ.உ.சி.க்கும் சுப்பிரமணிய சிவாவுக்கும் தண்டனை விதித்தபோது அரசியல் கைதி என்ற தனி இனமே சட்டத்தில் கிடையாது. கப்பல் கம்பெனி நடத்திய வக்கீல் கோயம்புத்தூர் ஜெயிலில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கு இழுத்தார். சிவா தொழுநோயோடு வெளியே வந்தார். அந்தமான் செல்லுலார் ஜெயிலில் மட்டும் ஓர் எழுத்து இருந்தது. ஆபத்தானவன் என்பதைக் குறிக்கும் டி என்ற ஆங்கில எழுத்தைச் சில கைதிகளின் உடையில் மாட்டிவிடுவார்கள். சாவர்க்கர் அதை அணிந்தவர்களில் ஒருவர். ஆளை அவனுடைய ஆபத்தைக் கொண்டு அளப்பது அங்கே அப்போதே ஆரம்பித்துவிட்டது எனலாம்.

மற்றபடி வெள்ளைக்காரக் கைதிக்கு ஒரு சாப்பாடு, இந்தியக் கைதிக்கு ஒரு சாப்பாடு என்பதே முக்கியமான பிரிவினை. இதை எதிர்த்துத்தான் பகத்சிங்கும் தோழர்களும் 1929-இல் லாகூரில் உண்ணாவிரதம் இருந்தார்கள். நல்ல உணவு, புத்தகம், பத்திரிகை, கட்டாய வேலை கூடாது என்பவை கோரிக்கைகள். 63 நாள் பட்டினி கிடந்து, செப்டம்பர் 13 அன்று ஜதீன் தாஸ் இறந்தார். அவர் உடல் ரயிலில் கல்கத்தா போனபோது வழியெல்லாம் கூடிய கூட்டம் சர்க்காரை உலுக்கியது. அந்த மரணத்துக்குச் சர்க்கார் கொடுத்த பதில்தான் 1930 பிப்ரவரியில் வந்த ஏ, பி, சி வகுப்பு விதி.

விதியை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். ஏ வகுப்புக்கு, கைதி பழைய குற்றவாளியாக இருக்கக் கூடாது. நன்னடத்தை உள்ளவராக இருக்க வேண்டும். கொடூரம், பேராசை, திட்டமிட்ட வன்முறை போன்றவை அவருடைய குற்றத்தில் கலந்திருக்கக் கூடாது. இதோடு நின்றிருந்தால் நியாயமான விதி. ஆனால் கூடவே இன்னொன்று: சமூக அந்தஸ்து, கல்வி, வாழ்க்கைப் பழக்கம் ஆகியவற்றால் உயர்ந்த வாழ்க்கை முறைக்குப் பழகியவராகவும் இருக்க வேண்டும். பி வகுப்புக்கு அந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் போதும். பழைய குற்றவாளி என்றாலும் அதிகாரி மனம் வைத்தால் கிடைக்கும். இரண்டிலும் சேராதவர் எல்லோரும் சி. இன வேற்றுமை இனி இல்லை என்று சர்க்கார் சொல்லிக்கொண்டது. நிஜம்தான், இனத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அந்தஸ்தை வைத்துவிட்டார்கள். எல்லா அரசியல் கைதிகளுக்கும் ஒரே மரியாதை என்று கேட்டு ஒருவர் உயிரை விட்டார். கிடைத்தது, படித்தவனுக்குக் கட்டில், படிக்காதவனுக்குத் தரை.

விதி வந்து இரண்டு மாதத்தில் அதைச் சோதித்துப் பார்க்கும் வேளை நம் பக்கத்துக்கே வந்தது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து கிளம்பி, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, நம் திருத்துறைப்பூண்டி வழியாக 28-ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார். தஞ்சை கலெக்டர் தார்ன், இவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் ஆறு மாதம் ஜெயில் என்று பறைசாற்றியிருந்தார். சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு ஊரார் தொண்டர்களின் பசியாற்றினார்கள் என்பதை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிராதவர் இருக்க மாட்டார்கள். 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளியதும் ராஜாஜி கைதானார். ஆறு மாதம்.

அதே போராட்டத்தில் வேதாரண்யத்துச் சவரத் தொழிலாளி வைரப்பனுக்கும் ஆறு மாதம். சத்தியாக்கிரகிகளை அடிக்கிற போலீஸுக்குச் சவரம் செய்வதில்லை என்று சபதம் எடுத்தவர் அவர். மாறுவேடத்தில் வந்து உட்கார்ந்த ஆள் போலீஸ்காரர் என்று பாதியில் தெரிந்ததும் கத்தியை மடக்கிவிட்டார். அரைத்தாடியோடு போலீஸ்காரர் கோர்ட்டுக்கு இழுத்துப் போனார். மீதியைச் சிரைத்துவிடு, இல்லையென்றால் ஜெயில் என்று மாஜிஸ்திரேட் சொல்ல, வேண்டுமானால் நீங்களே செய்துவிடுங்கள் என்று தன் பெட்டியை நீட்டினாராம். இன்றும் வேதாரண்யத்தில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது.

இப்போது அந்த விதியை எடுத்து இந்த இருவருக்கும் பொருத்திப் பாருங்கள். ராஜாஜி வக்கீல், சேலம் நகரசபைத் தலைவராக இருந்தவர். அந்தஸ்து, கல்வி, பழக்கம் என்ற மூன்று சொல்லும் அவருக்குப் பொருந்தும். ராஜாஜி வசதி தேடியவர் அல்ல. 1921-22-இல் வேலூர் ஜெயிலில் இருந்தபோது எழுதிய நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு அது தெரியும். நான் சொல்ல வருவது விதியைப் பற்றி. வைரப்பனுக்கு அதில் சி-யைத் தவிர வேறு இடமே இல்லை. ஒரே போராட்டம், ஒரே கால தண்டனை. வன்முறை என்று பார்த்தால் வைரப்பன் செய்தது கத்தியை மடக்கியதுதான். இருந்தும் அவர் எதற்கும் "பழகியவர்" இல்லை.

இந்தப் "பழக்கம்" என்ற சொல்லின் சூதை நம் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள் எளிதில் புரிந்துகொள்வோம். பண்ணையாளுக்குக் கூழ் பழக்கம், மிராசுதாருக்குக் காபி பழக்கம். வெளியே எது கிடைத்ததோ அதுவே உள்ளேயும். வெளியே குறைவாகக் கிடைத்தவனுக்கு உள்ளேயும் குறைவாகக் கொடுப்பது அவனுக்கு உறைக்காது என்பதுதான் விதியின் தர்க்கம். நடவு வயலில் இருந்த வரப்பை ஜெயிலுக்குள்ளும் போட்டுவிட்டார்கள்.

1940-களில் பி. சீனிவாசராவ் இந்தப் பக்கம் வந்து விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டியபோது அந்த வரப்பின் மேல்தான் முதல் மண்வெட்டி விழுந்தது. சவுக்கடி, சாணிப்பால் இரண்டும் கூடாது என்று 1944-இல் களப்பாலிலும் பிறகு மன்னார்குடியிலும் ஒப்பந்தங்கள் ஆயின. கர்நாடகத்திலிருந்து வந்த அந்த மனிதரின் நினைவிடம் நம் ஊரில் இருக்கிறது. 1961-இல் காலமான அவருக்கு ஒவ்வொரு செப்டம்பர் 30-ஆம் தேதியும் கூட்டம் வந்து மாலை போடுகிறது. சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் கம்யூனிஸ்ட் கட்சியின் மேல் அடக்குமுறை பாய்ந்தது. களப்பால் குப்பு 1948-இல் திருச்சி ஜெயிலில் இறந்தார். விஷம் வைத்துக் கொன்றார்கள் என்றே இந்தப் பக்கத்து ஜனங்கள் இன்றுவரை பேசுகிறார்கள்.

அப்போது இன்னொரு சொல் புழக்கத்துக்கு வந்தது: பாதுகாப்புக் கைதி. விசாரணை இல்லை, தண்டனை இல்லை. வெளியே விட்டால் என்ன செய்வானோ என்ற பயத்துக்காக உள்ளே வைப்பது. செய்ததற்காக அல்ல, செய்யக்கூடியதற்காக. இதற்குச் சட்டம் உண்டா என்று ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றத்தில் கேட்டார். ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாகாணம் என்ற அந்த வழக்கின் தீர்ப்பு 1950 மே 19 அன்று வந்தது. தடுப்புக் காவல் செல்லும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். சட்டக் கல்லூரியில் இன்றும் அது முதல் பாடங்களில் ஒன்று.

அதற்கு மூன்று மாதம் முன்பு, பிப்ரவரி 11 அன்று, சேலம் ஜெயிலுக்குள் துப்பாக்கிச் சூடு நடந்தது. எங்களைக் கிரிமினல்கள்போல நடத்தாதே என்று எதிர்த்த கம்யூனிஸ்ட் கைதிகளில் 22 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். லாகூரில் ஜதீன் தாஸ் கேட்ட அதே கேள்வியைத்தான் இருபது வருஷம் கழித்து, சொந்த சர்க்காரிடம் இவர்கள் கேட்டார்கள். குடியரசாகி பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. நம் பாடப்புத்தகங்களில் இதைத் தேடினால் கிடைக்காது.

1957-இல் பெரியார் தஞ்சாவூர் மாநாட்டில் அறிவித்து நடந்த அரசியல் சட்ட எரிப்புப் போராட்டத்திலும் இதே கதைதான். நம் பக்கத்து ஆள்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே போனார்கள். பட்டுக்கோட்டை ராமசாமியும் மணல்மேடு வெள்ளைச்சாமியும் திருச்சி ஜெயிலிலேயே இறந்தார்கள்.

இனி இங்கிலாந்துக்குப் போவோம். அங்கேயும் 1898-இலிருந்து முதல் டிவிஷன், இரண்டாம் டிவிஷன், மூன்றாம் டிவிஷன் என்று மரியாதைப் படிகள் இருந்தன. ஓட்டுரிமைக்காகப் போராடிய பெண்கள் முதல் டிவிஷன் கேட்டுப் பட்டினி கிடந்ததும், மூக்கில் குழாய் விட்டு அவர்களுக்கு உணவு புகட்டியதும் உலகம் அறிந்தது. ஆனால் 1948-இல் அவர்கள் அந்த டிவிஷன்களைச் சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள். நமக்குக் கொடுத்துவிட்டுப் போன சட்டையைத் தாங்கள் கழற்றிப் போட்டார்கள். நாம் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பிறகு 1966 அக்டோபர் 22. ரஷ்யாவுக்கு உளவு சொன்னதற்காக 42 வருஷம் தண்டனை பெற்ற ஜார்ஜ் பிளேக் என்பவர் லண்டன் ஜெயில் சுவரைத் தாண்டிப் போய்விட்டார். கயிற்று ஏணிதான், படிகளாக வைத்திருந்தது ஸ்வெட்டர் பின்னும் ஊசிகள்! கடைசியில் மாஸ்கோ போய்ச் சேர்ந்து, 98 வயதுவரை வாழ்ந்து, 2020-இல் காலமானார். அதற்கு முன்பே பெரிய ரயில் கொள்ளைக்காரர்கள் இருவர் தப்பியிருந்தார்கள். பார்லிமென்டில் ஒரே கூச்சல். விசாரிக்க நியமிக்கப்பட்டவர் மவுண்ட்பேட்டன் பிரபு. ஆமாம், நம் கடைசி வைஸ்ராய் அவர்தான். நாட்டைப் பிரிப்பதில் காட்டிய அவசரத்தை இதிலும் காட்டினார். இரண்டு மாதத்துக்குள் அறிக்கை தயார். கைதிகளை ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரியுங்கள் என்றார். தப்பவே விடக் கூடாதவன் ஏ. திறந்தவெளி ஜெயிலில் நம்பி விடத்தக்கவன் டி. இடையில் இரண்டு படி. அவன் யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி அதில் இல்லை. தப்பினால் யாருக்கு என்ன கேடு என்பது மட்டும்தான் கேள்வி. ஏ கைதிகள் எல்லோரையும் ஒயிட் தீவில் ஒரே கோட்டையில் அடைக்கலாம் என்ற அவருடைய யோசனையை மட்டும் ஏற்கவில்லை. நான்கு எழுத்து இன்றும் இருக்கிறது.

அமெரிக்கர்கள் எல்லாவற்றுக்கும் மார்க் போடுவார்கள், இதற்கும் போடுகிறார்கள். மத்திய அரசு ஜெயில்களில் கைதி வந்ததும் ஒரு படிவம். என்ன குற்றம், முன்பு தப்பியிருக்கிறானா, அடிதடி உண்டா, வயது என்ன என்று புள்ளிகளைக் கூட்டி, குறைந்தபட்சக் காவலிலிருந்து உச்சக் காவல்வரை ஜெயிலைத் தீர்மானிப்பார்கள். உச்சிக்கும் மேல் ஒன்று, கொலராடோவில் 1994-இல் திறந்த புளோரன்ஸ் ஜெயில். நாளில் ஏறக்குறைய 23 மணி நேரம் தனிக்கொட்டடி. இளவயதுக்காரனுக்குப் புள்ளி அதிகம், 55 தாண்டியவனுக்குப் பூஜ்யம். எங்களைப்போன்ற பென்ஷன்காரர்களால் உலகுக்கு ஆபத்தில்லை என்று அமெரிக்க சர்க்காரே சான்றிதழ் கொடுத்த மாதிரி.

ஆனால் அந்தப் படிவத்தில் ஒரு வரி என்னை யோசிக்க வைத்தது. பள்ளிப்படிப்பு முடித்ததற்குச் சான்று இல்லையென்றால் அதற்கும் புள்ளி கூடும். படிக்காதவனால் தொந்தரவு அதிகம் என்று கணக்கு சொல்கிறதாம். 1930-இல் முன்வாசல் வழியாக வந்த கல்வி, இங்கே கணக்குப்பிள்ளை வேஷத்தில் கொல்லைப்புறமாக வருகிறது. களப்பால் பண்ணையாளை அந்தப் படிவத்தில் வைத்தாலும் இரண்டு புள்ளி கூடத்தான் வரும். ஆபத்தை அளக்கிறோம் என்று சொல்கிற எந்த முறையையும் இதனால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். புள்ளிக் கணக்கில் தவறு இருந்தால் கூட்டிக் காட்டி வாதாடலாம். "உயர்ந்த வாழ்க்கை முறைக்குப் பழகியவர்" என்பதை எந்தத் தராசில் வைப்பது?

தென்னாப்பிரிக்காவைச் சொல்லாமல் விட முடியாது, அதில் நம் ரத்தமும் இருக்கிறது. 1908-இல் ஜோகன்னஸ்பர்க் ஜெயிலில் காந்தி அடைக்கப்பட்டபோது அங்கே பிரிவு தோல் நிறத்தை வைத்து. இந்தியர்களைக் கறுப்பர்களோடு சேர்த்துவிட்டார்கள் என்பது அன்றைக்கு அவருடைய புகார்களில் ஒன்று. அன்றைய காந்தி அவ்வளவுதான். தரங்கம்பாடிக்குப் பக்கத்துத் தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை, 1913 கடைசியில் மாரிட்ஸ்பர்க் ஜெயிலுக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் இறந்தாள். அரை நூற்றாண்டு கழித்து ராபன் தீவில் மண்டேலா போய்ச் சேர்ந்தபோதும் இந்தியக் கைதிக்கு ரொட்டியும் முழுக்கால்சட்டையும், கறுப்புக் கைதிக்கு ரொட்டி இல்லை, அரைக்கால்சட்டை. அதற்கு மேல் நடத்தையை வைத்து ஏ முதல் டி வரை நான்கு படிகள். அரசியல் கைதிகளைப் பெரும்பாலும் டி-யில்தான் ஆரம்பிப்பார்கள். டி என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், ஒரு சந்திப்பு. பணிந்தால் மேலே போகலாம்.

பிரித்து வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கைதியைக் கைதியிடமிருந்து காப்பது. இலங்கையில் அது எப்படித் தவறியது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 1983 ஜூலை 25, 27 ஆகிய இரண்டு நாள்களில் கொழும்பு வெலிக்கடை ஜெயிலில் 53 தமிழ்க் கைதிகளைச் சக கைதிகள் கொன்றார்கள். குட்டிமணி, தங்கத்துரை, ஜெகன் அதில் அடக்கம். அவர்கள் தனிப் பகுதியில்தான் வைக்கப்பட்டிருந்தார்கள். முதல் கொலைக்குப் பிறகு இடமும் மாற்றினார்கள். பூட்டு இருந்தது, சாவி யார் கையில் என்பதுதான் கேள்வி. அந்தச் செய்தி ரேடியோவில் வந்த வாரம் நம் கடைத்தெருவே அடைத்துக் கிடந்தது.

பாதுகாப்பின் பேரால் பிரிப்பது நம் தமிழ்நாட்டிலும் ஒரு விபரீத வடிவம் எடுத்தது. பாளையங்கோட்டை ஜெயிலில் ஜாதிவாரியாகத் தேவர், நாடார், பள்ளர் என்று தனித்தனிப் பகுதிகளில் வைத்தார்கள். சண்டை வராமல் இருக்கத்தான் என்று அதிகாரிகள் சொன்னார்கள்; உயர் நீதிமன்றமும் அந்த விளக்கத்தை ஏற்றது. இந்தச் சங்கதி பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2024 அக்டோபர் 3 அன்று தீர்ப்பு. ஜாதியை வைத்து இடம் பிரிப்பதும், பெருக்குவது ஒரு ஜாதிக்கு, சமைப்பது ஒரு ஜாதிக்கு என்று வேலை பிரிப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம். சிறைப் பதிவேட்டில் ஜாதி என்ற கட்டமே இருக்கக் கூடாது என்றார்கள்.

அந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு பகுதி. "வழக்கமான குற்றவாளி" என்ற சொல்லைப் பற்றியது. ஜெயில் விதிகளில் ஆபத்தை அளக்கிற பழைய அளவுகோல் அதுதான். சில மாநில விதிகளில் அது யாரைக் குறித்தது? பழைய குற்றப்பரம்பரைச் சட்டத்தில் பெயர் ஏறியிருந்த சமூகங்களில் பிறந்தவர்களையும் சேர்த்துத்தான். 1871-இல் வடக்கே போட்ட அந்தச் சட்டம் 1911-இல் நம் மாகாணத்துக்கும் வந்தது. குறவர்கள், பிரமலைக் கள்ளர்கள் போன்றோர் ராத்திரியில் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். கைரேகை கொடுக்க வேண்டும். மறுத்த பெருங்காமநல்லூரில் 1920-இல் சுட்டுக் கொன்றார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947-இல் ஒழிந்தது. ஆனால் அந்த நினைப்பு மட்டும் ஜெயில் விதிப் புத்தகங்களில் "வழக்கமான குற்றவாளி" என்ற பெயரில் ஒண்டிக்கொண்டு, இன்னும் எழுபது வருஷம் உயிரோடு இருந்திருக்கிறது.

ஏ வகுப்பும் அப்படித்தான் இருக்கிறது. 1983-இன் தமிழ்நாடு சிறை விதிகளிலும் வகுப்புப் பிரிவு தொடர்ந்தது. மனுதாரர் பட்டதாரி, வருமான வரி கட்டுகிறவர் என்று வக்கீல் எழுதுவார். நீதிபதி உத்தரவு போடுவார். கோடிக்கணக்கில் சுருட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்தான் வரியும் கோடிக்கணக்கில் கட்டியிருப்பார் என்பது இதில் உள்ள அழகு.

2022-ஆம் வருஷக் கணக்கில் நாட்டின் ஜெயில்களில் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நூற்றுக்கு 75-க்கும் மேல் இன்னும் குற்றவாளி என்று நிரூபிக்கப்படாதவர்கள். ஏ வகுப்பு கேட்டு மனுப் போடவும் வக்கீல் வேண்டும், வக்கீலுக்குப் பணம் வேண்டும். ஜாமீன் கிடைத்தும் இரண்டு பேர் ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட வராததால் உள்ளேயே இருக்கிறவன், எந்த எழுத்தும் கேட்பதில்லை. அடுத்த வாய்தா எப்போது என்று மட்டும்தான் கேட்கிறான்.